இந்த வயதில் எதற்கு?

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களில் ஒருவரின் தோளில் கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை வகுப்பிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். நாங்கள் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பையனுக்கா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்று பதில் வந்ததும் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வயசுல எதுக்குய்யா இதெல்லாம்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு இன்னொருவர், "அப்படிச் சொல்லாதீங்க சார், மூளைக்கு ரொம்ப நல்லதாம், மறதியே வராதாம்" என்றார். மூன்றாமவர், "வயசுங்கறது வெறும் நம்பர்தானே சார்" என்று முடித்துவைத்தார். பேச்சு விருதுச் சர்ச்சை பக்கம் திரும்பிவிட்டது.

நாங்கள் திரும்பவில்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் விவாதித்தோம். முதலாவது ஏளனம், இரண்டாவது பரிவு, மூன்றாவது உற்சாகமூட்டல் என்று மேலுக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே என்பது எங்கள் முடிவு. கற்றல் என்பதற்குக் கற்றலைத் தவிர வேறொரு காரணம் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அது. அதை மறுக்கவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்பது நால்வர். வயது நாற்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்றுவரை. ஒருவர் வங்கி அலுவலர், ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், ஒருவர் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர், ஒருவர் பள்ளி ஆசிரியை. நால்வரும் எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ கல்லூரி நாட்களில் கிதார் பழகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டவர்கள். அந்தத் தலைமுறைக்குக் கிதார் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. இளையராஜாவின் திரைப்பாடல்களில் அது பின்னணியிலிருந்து முன்னுக்கு வந்த காலம். 1982இல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்குப் பிறகு, விடுதிக்கு ஒருவராவது கையில் கிதாருடன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பார்.

கைவிட்டதற்குக் காரணம் கேட்டால் எங்களில் யாராலும் ஒரு தேதியைச் சொல்ல முடியாது. இனி வாசிப்பதில்லை என்று எவரும் முடிவெடுக்கவில்லை. வேலை வந்தது, மாற்றல் வந்தது, ஒண்டுக்குடித்தனத்தின் மெல்லிய சுவர் வந்தது. மூத்தவருடைய கிதார் 1986இல் வாங்கியது. தந்திகளைத் தளர்த்தாமலே உறைக்குள் போட்டுப் பரணில் ஏற்றியிருந்தார். எஃகுத் தந்தி பூட்டிய கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு கழுத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்போடு முப்பது சென்னைக் கோடைகளும் முப்பது ஐப்பசி ஈரங்களும் சேர்ந்துகொண்டன. இறக்கிப் பார்த்தபோது கழுத்து வில்லாக வளைந்திருந்தது. தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பசை விட்டு எழும்பியிருந்தது. பழுது பார்ப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். புதிதுதான் வாங்கினார். பழையது இப்போதும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, வாசிப்பதற்கில்லாமல்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். வயது கடந்துவிட்டது என்பவர்கள் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அவர்கள் பக்கம் சான்றுகள் உண்டு. 1995இல் 'சயின்ஸ்' இதழில் தாமஸ் எல்பெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. தந்திவாத்தியக் கலைஞர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களுடையதைவிட விரிந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். எந்த அளவு விரிந்திருக்கிறது என்பது எந்த வயதில் வாசிக்கத் தொடங்கினார்கள் என்பதோடு தொடர்புடையதாக இருந்தது. சிறு வயதில் தொடங்கியவர்களிடம் மாற்றம் அதிகம். துணைச் சுருதி ஏதுமின்றிக் கேட்ட மாத்திரத்தில் சுரத்தைப் பெயர் சொல்லும் ஆற்றலும் பிள்ளைப்பருவப் பயிற்சியோடு பெரிதும் பிணைந்தது. இவற்றையெல்லாம் நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் சுண்டுவிரல்கள் எல்பெர்ட்டைப் படிக்காமலே அவரை ஒவ்வொரு நாளும் மெய்ப்பிக்கின்றன.

ஆனால் இச்சான்றுகள் நிறுவுவது என்ன? ஐம்பதில் தொடங்குபவர் ஐந்தில் தொடங்கியவரைப் போல வாசிக்க மாட்டார் என்பதை மட்டுமே. அதை யார் கேட்டார்கள்? ஒருவர் வைகறையில் எழுந்து நடக்கப் போனால், ஒலிம்பிக்கில் ஓட முடியாதே என்று அவரை யாரும் தடுப்பதில்லை. சமைக்கக் கற்றுக்கொண்டால், ஐந்து நட்சத்திர விடுதியில் வேலை கிடைக்காது என்று எச்சரிப்பதில்லை. இசைக்கருவி என்று வந்தால் மட்டும் மேடை அல்லது மௌனம் என்று இரண்டே வழிகளை வைத்திருக்கிறோம்.

இதன் இன்னொரு வடிவம் பத்தாயிரம் மணி நேரக் கதை. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். அவ்வாய்வை 2008இல் மால்கம் கிளாட்வெல் தன் 'அவுட்லையர்ஸ்' நூலில் ஒரு மந்திர எண்ணாக மாற்றினார். அந்த எண், சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் பயின்ற நேரத்தின் சராசரி மட்டுமே, அது ஓர் எல்லைக்கோடு கிடையாது என்று எரிக்சனே பின்னர் விளக்கினார். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. எண் மட்டும் தங்கிவிட்டது. நாங்களும் விளையாட்டாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளுக்கு அரை மணி நேரம் என்றால் பத்தாயிரம் மணிக்கு இருபதாயிரம் நாட்கள், அதாவது 54 ஆண்டுகளுக்கும் மேல். ஐம்பத்திரண்டில் திரும்பியவர் 106ஆம் வயதில் கிதார் கலைஞராவார். அதுவரை அவர் வாசிப்பதெல்லாம் கணக்கில் வராது என்பதுதானே இந்த வாதத்தின் உட்பொருள்? இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டவர் எந்த வயதிலும் எதையும் தொடங்க மாட்டார்.

இங்கே இலக்கிய நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கி. ராஜநாராயணன் 1923இல் பிறந்தவர். முப்பது வயதைக் கடந்த பிறகே எழுதத் தொடங்கினார். பட்டம் ஏதுமில்லாமல் 1989இல், அறுபதைத் தாண்டிய வயதில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பொறுப்பேற்றார். தாமதமாக வந்தார் என்பதை அவருடைய பெருமைகளில் ஒன்றாகவே நாம் இன்றும் பேசுகிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு முதல் நாவல் எழுதுபவருக்கு நாம்தான் வெளியீட்டு விழா நடத்துகிறோம். பேனாவுக்குக் கொடுக்கும் சலுகையை விரலுக்கு ஏன் மறுக்கிறோம்? சொல் எல்லா வயதிலும் வரும், கைத்திறன் மட்டும் பிள்ளைப்பருவத்திலேயே வர வேண்டும் என்ற எண்ணத்தில், கையால் செய்வதைக் கருத்தால் செய்வதற்குக் கீழே வைக்கும் பழைய நோய் ஒளிந்திருக்கவில்லையா?

இரண்டாமவர் எங்கள் நலம் விரும்பி. அவரிடம் கோபிக்க முடியாது. அதனாலேயே அவருக்குப் பதில் சொல்வது கடினம். இசை பயில்வது மூளைக்கு நன்மை செய்யலாம். செய்தால் மகிழ்ச்சி. ஆனால் அதற்காக நாங்கள் கிதாரை எடுக்கவில்லை. 'மோகமுள்' படிப்பவரிடம் ஞாபகசக்திக்கு நல்லது, தொடர்ந்து படியுங்கள் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? ஐம்பதைக் கடந்தவர் செய்யும் எதையும் மருந்துச் சீட்டாக மாற்றிவிடும் வழக்கம் எப்படியோ நம்மிடையே வந்துவிட்டது. நடந்தால் சர்க்கரைக்கு, பாடினால் மூச்சுக்கு, கோலம் போட்டால் இடுப்புக்கு, கிதார் வாசித்தால் மறதிக்கு. வயதானவருக்கு ஆசை இருக்க முடியாது, நோய்தான் இருக்க முடியும் என்பது இதன் பொருள். இருபது வயதுப் பையன் கிதார் வாங்கினால் அவனுக்கு ஆசை என்கிறோம். அதே ஆசை எங்களுக்கும் உண்டு என்று சொன்னால் ஏன் கூச்சப்படுகிறீர்கள்? ஒரு கார்டு பிசிறின்றி ஒலிக்கும் கணத்துக்காக வாசிக்கிறோம். அந்தக் கணத்தில் எங்கள் இரத்த அழுத்தம் குறைகிறதா கூடுகிறதா என்று அளந்து பார்த்ததில்லை.

மூன்றாமவரின் வாக்கியம் தன்னம்பிக்கை நூல்களின் அட்டையிலிருந்து நேராக வந்தது. வயது வெறும் எண் அன்று. பதினெட்டு வயதில் ஒரு வாரத்தில் காய்ப்பு ஏறிய விரல் நுனிகள் இப்போது ஒன்றரை மாதம் வலிக்கின்றன. சுட்டுவிரலை ஆறு தந்திகள்மீதும் படுக்கவைத்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு, எங்களில் இருவருக்கு இன்னும் வரவில்லை. மூட்டுகளுக்கும் கண்களுக்கும் எண் தெரியும். அதை மறைத்துக்கொண்டு உற்சாகப்படுவதற்கு எங்களுக்கு விருப்பமில்லை.

இவ்வகைப் பேச்சுக்குத் துணையாகச் சில வீரக்கதைகள் எப்போதும் தயாராக இருக்கும். அவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்கிறோம், ஏனெனில் அது வழக்கமாகத் தவறாகச் சொல்லப்படுவது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893இல் பிறந்த கறுப்பினப் பெண் எலிசபெத் காட்டன். சிறுமியாக இருந்தபோதே வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் கிதார் வாங்கினார். இடக்கைப் பழக்கமுள்ளவர், வலக்கைக்காரர்களுக்குப் பூட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானே பழகினார். அதனால் மற்றவர்களுக்குக் கட்டைவிரல் செய்யும் மந்தரத்தை அவருடைய விரல்களும், மற்றவர்களின் விரல்கள் எடுக்கும் மெட்டை அவருடைய கட்டைவிரலும் வாசித்தன. அவருடைய புகழ்பெற்ற பாடலான 'ஃப்ரெய்ட் டிரெயின்' சிறுவயதில் உருவானது. பிறகு பதின்வயதிலேயே திருமணம். இவை உலகியல் பாடல்கள், ஆகாதவை என்ற தேவாலயத்தாரின் கண்டிப்பு. பல பத்தாண்டுகள் கிதார் அவர் கையில் இல்லை. பின்னாளில் வாஷிங்டனில் இசைக்குடும்பமான சீகர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தபோது, அங்கே சுவரில் தொங்கிய கிதாரை எடுத்தார். 1958இல், அறுபதைத் தாண்டிய வயதில், முதல் இசைத்தட்டு வந்தது. தொண்ணூறை ஒட்டிய வயதில் கிராமி விருது பெற்றார். 1987இல் மறைந்தார்.

முயன்றால் முடியாதது உண்டா என்று இக்கதையை முடிப்பார்கள். நாங்கள் அதை வேறுவிதமாகப் படிக்கிறோம். அந்த நடுப் பத்தாண்டுகளில் எலிசபெத் காட்டனுக்கு முயற்சி குறைந்திருந்ததா? கிதாரை அவர் கையிலிருந்து எடுத்தவை வறுமையும் வீட்டுவேலையும் ஊர்வாயும். திரும்பக் கிடைத்ததும் ஒரு தற்செயல். அவர் வேலை செய்த வீட்டின் சுவரில் கிதாருக்குப் பதிலாக மான்கொம்பு இருந்திருந்தால் அந்த இசைத்தட்டு இல்லை. அத்தகைய வீடு அமையாமலே போன எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள் என்பதே இக்கதை எழுப்ப வேண்டிய கேள்வி.

எங்கள் ஆசிரியைத் தோழி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவருடைய கிதார் பரணுக்குக்கூடப் போகவில்லை. திருமணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, "இதையெல்லாம் அங்க கொண்டுபோனா நல்லா இருக்காதும்மா" என்று சொல்லி அவருடைய பெரியம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். வீணையாக இருந்திருந்தால் சீரோடு சேர்ந்து போயிருக்கும் என்று எங்கள் தோழி சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, மகள் வேலைக்குப் போன பிறகு, தன் சேமிப்பிலிருந்து ஒன்று வாங்கினார். அவரிடம்போய் வயது வெறும் எண் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்த எண் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட ஆண்டுகளின் எண். இந்த வயதில் எதற்கு என்ற கேள்வியை அவர் இருபத்து மூன்றாவது வயதிலும் கேட்டிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது அதற்குக் கல்யாணம் ஆகப்போகிற வயது என்று பொருள்.

டீக்கடையில் வராத, ஆனால் பின்னர் மின்னஞ்சலில் வந்த நான்காவது எதிர்ப்பு ஒன்று உண்டு. நாங்கள் மிகவும் மதிப்பது அதைத்தான். அரைகுறைகள் பெருகினால் கலை மலியும். வாழ்க்கையையே கொடுத்தவர்களின் உழைப்பு கொச்சையாகும். ரசிகராக இருங்கள், அது போதும் என்கிறது அது. எழுதியவர் கர்நாடக இசையில் தோய்ந்தவர். அவர் கவலை உண்மையானது.

ஆனால் வரலாறு அவர் பக்கம் இல்லை. இன்று செவ்வியல் கிதாரின் அடிப்படைப் பாடங்களாக நாம் வாசிப்பவற்றில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸிலும் வியன்னாவிலும் எழுதப்பட்டவை. ஃபெர்னாண்டோ சோர், மௌரோ ஜூலியானி, மத்தேயோ கார்காஸி ஆகியோர் அவற்றை அச்சிட்டு விற்றது பெரும்பாலும் வீட்டில் வாசிக்கும் பொழுதுபோக்காளர்களுக்குத்தான். அவர்களோடு சோருக்கு உரசல் இல்லாமல் இல்லை. எளிய துண்டுகளின் தொகுப்புகளுக்கு அவர் வைத்த தலைப்புகளைத் தமிழில் சொன்னால், 'இதுதானா, பார்ப்போம்', 'இப்போது சரியா?' என்று வரும். அந்தச் சலிப்பிலும் அவர் எழுதினார், அவர்கள் வாங்கினார்கள், அந்த ஏடுகள் நமக்குக் கிடைத்தன. பொழுதுபோக்காளர்கள் இல்லாதிருந்தால் மேதைகளுக்கு அச்சகம் இருந்திருக்காது.

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நம் சிற்றிதழ்களை நடத்தியவர்களும் அவற்றில் எழுதியவர்களும் யார்? அவர்களில் பலர் பகலில் கோப்பு பார்த்தவர்கள், பாடம் நடத்தியவர்கள். நகுலன் ஆங்கிலப் பேராசிரியர். ஞானக்கூத்தன் அரசு ஊழியர். எழுத்தால் பிழைத்தவர் அவர்களில் மிகக் குறைவு. நவீனத் தமிழ்க் கவிதை முழுவதுமே இந்த அளவுகோலின்படி பொழுதுபோக்காளர்களின் ஆக்கம்தான். அதனால் கவிதை மலிந்துவிட்டதா? அந்த நண்பரும் நாங்களும் ஒரே சிற்றிதழ் அடுக்கின் முன் நின்று வளர்ந்தவர்கள். கவிதையில் ஏற்றுக்கொண்டதை இசையில் அவர் மறுப்பது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

ரசிகராக இருந்தால் போதும் என்கிறார். இருந்து பார்த்தோம், முப்பது ஆண்டுகள். கையில் எடுத்த பிறகுதான் எவ்வளவு கேட்காமல் இருந்தோம் என்று தெரிந்தது. வயலினில் வில் ஓடும்வரை சுரம் நிற்கும். கிதாரில் மீட்டிய நொடியிலிருந்தே சுரம் தேயத் தொடங்குகிறது. ஆகவே கிதாரில் நீண்டு ஒலிப்பதாக நாம் கேட்கும் மெட்டு, தேய்ந்துகொண்டிருக்கும் ஒலிகளை அடுத்தடுத்து வைத்து உண்டாக்கப்படும் ஒரு மயக்கம். ஃபிரான்சிஸ்கோ டாரெகா (1852–1909) 'அல்ஹம்ப்ராவின் நினைவுகள்' என்ற படைப்பில் இதற்குக் கண்ட வழி பிரசித்தம். கட்டைவிரல் கீழே நடக்க, மற்ற மூன்று விரல்களும் மேலே ஒரே சுரத்தை விடாமல் மாறிமாறித் தட்டிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு அது அறுபடாத இழையாகத் தோன்றும். அதை நூறு முறை கேட்டிருந்தோம். மூன்று விரல்களும் சம இடைவெளியில் விழ வேண்டும் என்பதை எங்கள் விரல்கள் தடுமாறிச் சொன்ன பிறகே, அந்த இழையில் எவ்வளவு வேலை இருக்கிறதென்று காதுக்கு எட்டியது. இளையராஜாவின் பாடல்களில் மெட்டுக்கு எதிராகத் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டு நடக்கும் பேஸ் கிதாரை இப்போது தனியாகப் பின்தொடர முடிகிறது. நாங்கள் நன்றாக வாசிப்பதில்லை. நன்றாக வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பதை முன்பைவிட நன்றாக அறிகிறோம். அரைகுறைகளால் மேதையின் உழைப்பு கொச்சையாகாது என்பதற்கு எங்கள் காதுகளே சாட்சி.

திரும்பக் கற்பவரின் சிக்கல் புதிதாகக் கற்பவருடையதைவிட ஒரு விதத்தில் பெரிது. எங்கள் கைகள் எதையும் மறக்கவில்லை, குறிப்பாகத் தவறுகளை. இருபது வயதில் நாங்கள் கற்றவை பாடல்களின் தொடக்கங்கள் மட்டுமே. பத்துப் பாடல்களின் முகப்பு தெரியும், ஒன்றின் முடிவும் தெரியாது. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேல் கொக்கியாக மாட்டும் பழக்கம், கடினமான இடத்தில் தாளத்தை நழுவவிட்டுச் சமாளிக்கும் சாமர்த்தியம் எல்லாம் அப்படியே காத்திருந்தன. இப்போது மெட்ரோனோமை அறுபதில் வைத்து, சோரின் அறுபதாம் தொகுப்பின் தொடக்கத்திலுள்ள ஒற்றை வரி மெட்டை வாசிக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரே சுரம். பேரனுக்கு வாங்கிய பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பது போன்ற அனுபவம் அது. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தைத் தாங்கிக்கொள்வதுதான் முதல் பாடம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஆசிரியருக்கு வயது இருபத்து நான்கு. முதல் வகுப்பில் எங்களில் மூத்தவர் அவரைத் தம்பி என்று அழைத்தார். இரண்டாம் வாரம், "சார், கட்டைவிரலை மேல ஏத்தாதீங்க. போன வாரமே சொன்னேன்" என்று அந்தத் தம்பி கண்டிப்பாகச் சொன்னார். அறை ஒரு நொடி அமைதியானது. அறுபத்தொரு வயதுக்காரர் கட்டைவிரலைக் கீழிறக்கி, "சரிங்க மாஸ்டர்" என்றார். அன்றிலிருந்து எங்கள் நால்வருக்கும் அவர் மாஸ்டர்தான். தந்தை கைகட்டி நிற்க மகன் உபதேசித்த தலத்தைச் சுவாமிமலை என்று கொண்டாடும் ஊர் இது. கோயிலில் கும்பிடும் அந்தக் காட்சியை வீட்டில் மட்டும் ஏன் சிரிப்புக்குரியதாக்குகிறோம்? வயது ஏற ஏற மேலிருந்து சொல்வது மட்டுமே நம் வேலை என்று ஆகிவிடுகிறது. அலுவலகத்தில், குடும்பத்தில், இலக்கியக் கூட்டத்து மேடையில் எங்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரம் நம்மைவிட இளையவர் ஒருவர் நம் தவறைச் சுட்டிக்காட்ட, நாம் திருத்திக்கொள்ளும் இடம் ஒன்று இருப்பது நல்லது. இலக்கிய விமர்சகர்களுக்கு இதைச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறோம்.

எங்கள் தரப்பின் பலவீனத்தையும் மறைக்க விரும்பவில்லை. அரை மணி நேரம் எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது. எங்களில் ஒருவரின் மனைவி, "ஒரே இடத்தையே நாப்பது தடவை வாசிக்கறீங்களே, அடுத்ததுக்குப் போகவே மாட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்; அந்த நாற்பது தடவைகளுக்கான விலையை அவரும் சேர்ந்தே செலுத்துகிறார். படிக்க வேண்டிய புத்தகங்கள் குவிகின்றன. கிதாருக்கும் வகுப்புக்கும் பணம் வேண்டும். நேரமும் பணமும் இல்லாதவர்களிடம் நீங்களும் தொடங்குங்கள் என்று சொல்வது திமிர். இவ்வாண்டின் தொடக்கத்தில் வங்கி நண்பருக்கு விரல் மடங்கி நிமிராத சிக்கல் வந்து, மருத்துவர் சொன்னபடி நிறுத்தியிருக்கிறார். திரும்ப வருவாரா என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து மெட்ரோனோமை இயக்குகிறார். அவர் கற்ற இரண்டு ஆண்டுகள் வீண் என்று சொல்லும் அளவுகோல் எதுவோ, அதைத்தான் இக்கட்டுரை முழுவதும் எதிர்க்கிறோம்.

ஔவையின் ஆத்திசூடி கல்வியை இளமையில் வைத்தது. அதைப் பள்ளிச் சுவர்தோறும் எழுதி வைத்திருக்கிறோம். சாகும் நாள்வரை ஒருவன் கல்லாமல் இருப்பது ஏன் என்று கேட்கும் குறளும் கல்வி அதிகாரத்தில் இருக்கிறது. அதைச் சுவரில் அதிகம் கண்டதில்லை. முதலாவது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. இரண்டாவது நமக்கு.

ஆகவே அந்த மூத்த எழுத்தாளரிடமும் நண்பர்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். எங்களைப் பாராட்ட வேண்டாம். பாராட்டும்படி இன்னும் வாசிக்கவில்லை. எங்கள் உடல்நலத்தைப் பற்றி விசாரிக்கவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் தோளில் கிதாரைப் பார்த்தால், எதற்கு என்று கேட்காமல், இப்போது எந்தப் பாடம் போகிறது என்று கேளுங்கள். ஒரு மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. சோரின் ஐந்தாவது பாடம், மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டிருக்கிறோம் என்று உண்மையைச் சொல்வோம். டீக்கு நாங்களே காசு கொடுக்கிறோம்.